கடலூரில் இனிஷியல், புதுச்சேரியில் குடும்பப் பெயர்: ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானா?

திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பூர்வீகம் பாகூர்ப் பக்கம். தாத்தா பிழைப்புக்காகக் கடலூர் வந்துவிட்டார். அவருடைய அண்ணன் ராமசாமி புதுச்சேரியிலேயே தங்கி, முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய வாரிசுகள் என்று சொல்லப்படுகிறவர்கள் ஆண், பெண் எல்லோருமே 'ராமசாமி' என்பதைக் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கோ தலைமுறைக்கு ஓர் இனிஷியல். நாங்கள் ஒரே குடும்பம்தானா? போர்க் காலத்தில் எதற்காவது பயந்து பெயரை மாற்றிக்கொண்டார்களா? இதை வைத்து எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாராவது தரகரிடம் முன்பணம் கொடுப்பதற்குள் உங்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். கிடைக்காது. பெரிய தாத்தா வழியாக, அதாவது தாத்தாவின் அண்ணன் வழியாக, உங்களுக்குக் குடியுரிமை வராது. அது தந்தை, தாய், தாத்தா, பாட்டி என்று நேர்கோட்டில் இறங்குவது, பக்கவாட்டில் பாயாது. பெயர் ஒத்துப்போவது அதற்குச் சான்றே ஆகாது.

மற்ற இரண்டு கேள்விகள்தான் சுவையானவை. ஒரே குடும்பமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பெயரை வைத்து அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பயந்து மாற்றிக்கொண்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரிக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் போருக்கு ஒரு தலைமுறை முன்பே சட்டம் போட்டு உண்டானவை. போர் செய்தது வேறு வேலை. அதுவரை நெகிழ்ந்து கிடந்த பெயரை அது படைப்பதிவிலும் பென்ஷன் கோப்பிலும் ஏற்றி, இனி ஓர் எழுத்துகூட அசையாதபடி இறுக்கிவிட்டது.

சட்டம் என்றால் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிறந்த பிரெஞ்சு அரசாணை. பிரெஞ்சிந்தியாவில் பிறந்த இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் தம் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. பதிவு அதிகாரி முன் நின்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் திரும்பப் பெற முடியாது. வயதுக்கு வராத பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். அறிவிக்கும்போதே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படி விட்டுக்கொடுத்தவர்களைத்தான் புதுச்சேரியில் இன்றும் ரெனோன்சான் என்கிறோம்.

இந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. 1873இல் ஐரோப்பிய உடையும் பூட்ஸும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் பக்கம் தீர்ப்பு வாங்கியவர். அரசாணை வந்ததும் அவர் 'லாப்போர்த்' என்ற குடும்பப் பெயரை ஏற்றார். பிரெஞ்சுப் பெயர் எடுத்தவர்களுக்கு இவர் ஒரு முன்னோடி.

ஆனால் எல்லோரும் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புனிதர் பெயரை எடுத்தவர்கள் உண்டு. அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ அப்படியே குடும்பப் பெயர் ஆக்கியவர்களும் உண்டு. தம் சொந்தப் பெயரையே பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் சொத்தாக எழுதி வைத்தவர்களும் உண்டு. உங்கள் பெரிய தாத்தா கடைசி வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ராமசாமி என்பவர் 21 வயதானபின் தனியாகப் போய் அறிவித்திருந்தால், அந்த அறிவிப்பு அவரையும் அவர் பிள்ளைகளையும்தான் சேரும், தம்பியைச் சேராது. அந்தத் தம்பிதான் உங்கள் தாத்தா. அவர் எல்லையைத் தாண்டிக் கடலூருக்கு வந்தபோது கையில் குடும்பப் பெயர் எதுவும் இல்லாமல்தான் வந்திருப்பார்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். கந்தசாமிக்கு இரண்டு மகன்கள்: ராமசாமி, கோவிந்தசாமி. புதுச்சேரியில் ராமசாமியின் மகன், பேரன், கொள்ளுப்பேத்தி எல்லோரும் ராமசாமிதான். கடலூரில் கோவிந்தசாமிக்கு 'க', அவர் மகனுக்கு 'கோ', பேரனுக்கு வேறோர் எழுத்து. மூன்றாவது தலைமுறையில் கந்தசாமி என்ற பெயர் இரண்டு வீட்டுக் காகிதங்களிலும் இருக்காது. நம் முறையில் பெயர் அப்பாவோடு நிற்கிறது. அவர்கள் முறையில் ஒரே ஒரு முன்னோரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உறைந்து போகிறது. இரண்டுமே மறக்கிற முறைகள்தாம். மறக்கிற இடம் மட்டும் வேறு.

இந்த அரசாணையில் எனக்கு முக்கியமாகப் படுவது சாதி. விட்டுக்கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். பெயரின் வாலில் சாதி தொங்காத ஒரு குடும்பப் பெயர் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. பிரிட்டிஷ் தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்குவது என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே பாகூர்க்காரர் ஒருவர் ஒரு கையெழுத்தில் அதைச் செய்துகொள்ள வழி இருந்தது. உடனே சமத்துவம் பூத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரித்து அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள்.

இப்போது 1914க்கு வருவோம். பிரெஞ்சிந்தியாவிலிருந்து ரெனோன்சான்களும் போனார்கள், வழக்கச் சட்டத்தை விடாமலே தொண்டர்களாகச் சேர்ந்தவர்களும் போனார்கள். அதே நேரத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில். இரண்டு ஊருக்கும் நடுவே 25 கிலோமீட்டர்கூட இல்லை. எல்லையோ நேர்கோடும் இல்லை. பாகூர்ப் பக்கம் போனால் வயலுக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் இன்னோர் அரசு என்று இன்றைக்கும் வரைபடம் அப்படித்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களிலிருந்து ஒருவர் பிரெஞ்சு ராணுவத்திலும் அவர் மைத்துனர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் இருந்திருக்க முடியும். இரண்டு நாடும் ஒரே அணி என்பதால் ஒருவரை ஒருவர் சுட வேண்டி வரவில்லை. ஆனால் இரண்டு பட்டாளத்தின் பேரேடும் ஒரு மனிதனை எழுதிய விதம் வேறு.

பிரிட்டிஷ் பேரேட்டில் என்ன கேட்டார்கள்? எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம். குடும்பப் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. சாதிக்குத்தான் வேலை. எந்தப் படைப்பிரிவில் எந்த வகுப்பாரை எத்தனை பேர் எடுப்பது என்பதே அன்றைய ஆள்சேர்ப்பு முறை. 'தம்பிகள்' என்று செல்லப்பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் பிரிவானாலும், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் சண்டையிட்ட பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரியானாலும் இதே வகைப் பதிவுதான்.

பிரெஞ்சு அட்டையில் முதல் வரி குடும்பப் பெயர். இரண்டாவது வரி ஆள் பெயர். பிறகு பதவி, படைப்பிரிவு, பதிவெண், பிறந்த தேதி, ஊர். சாதிக்கு வரியே கிடையாது.  ஆனால் முதல் வரி காலியாக இருக்கக் கூடாது! வழக்கச் சட்டத்தை விடாமல், 'கந்தசாமி மகன் ராமசாமி' என்று மட்டும் பதிவில் இருந்த ஒருவர் அந்த மேசைக்கு முன் நின்றால், எழுத்தர் இரண்டு பெயரில் ஒன்றை எடுத்து முதல் வரியில் போட்டாக வேண்டும். ஒருவருக்கு அப்பா பெயர் மேலே ஏறும், இன்னொருவருக்குச் சொந்தப் பெயர். உடன்பிறந்தவர்களே வேறு வேறு குடும்பப் பெயரோடு திரும்பினால் வியப்பதற்கு இல்லை. ஆக, உங்கள் ராமசாமி ரெனோன்சானாகவே இல்லாமல், படை எழுத்தரின் பேனாவால் குடும்பப் பெயர் பெற்றவராகவும் இருக்கலாம். எது என்று காகிதம்தான் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்ளும். நம் உகரத்தை ஆங்கிலேயர் ஓர் எழுத்தால் எழுதினால், பிரெஞ்சுக்காரர் இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதுவார். 'சாமி'யில் வரும் சகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, பிரெஞ்சில் அதையே இரட்டிப்பார்கள். இல்லாவிட்டால் அது ஆங்கில 'இசட்' போல அதிர்ந்து ஒலிக்கும். கிருஷ்ணசாமி 'கிச்செனசாமி' ஆனதும் இப்படித்தான். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஒரே ஆளின் திருமணப் பதிவில் ஒற்றைச் சகரமும் படைக் கையேட்டில் இரட்டைச் சகரமும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உயிரோடிருக்கும்வரை அது யாருக்கும் பெரிதில்லை. அவர் இறந்து, மனைவி விதவை பென்ஷன் கேட்கும்போதுதான் அந்த ஓர் எழுத்து மலையாக நிற்கும். அந்தக் கணவரும் இந்தச் சொல்தாவும், அதாவது பிரெஞ்சுப் படைவீரரும், ஒருவரே என்று நீதிமன்றத்தில் திருத்தத் தீர்ப்பு வாங்கி, அதைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஏற்ற வேண்டும். குடும்பங்கள் தங்கள் பெயரை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தது இதனால்தான். குலப்பெருமையால் அல்ல.

பயந்து பெயர் மாற்றும் வழக்கம் உலகில் இல்லாமல் இல்லை. ஜெர்மன் வாசனை அடித்ததால் 1917 ஜூலையில் பிரிட்டிஷ் அரச குடும்பமே தன் பெயரை விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுத் தளபதி பிலிப் தெ ஓத்கிளோக், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் தன் மனைவி மக்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று 'லெக்லேர்' என்ற பெயரில் போரிட்டார். போர் முடிந்தபின் அந்தப் புனைபெயரைச் சட்டப்படி குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வேன் புதுச்சேரியை, ஜெர்மனியை எதிர்த்து நின்ற தளபதி தெ கோலின் அணியில் சேர்த்ததால், நம் ஆட்கள் சிலரும் அதே படையில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. குடும்பம் பாகூரிலோ முத்தியால்பேட்டையிலோ பத்திரமாக இருந்தது.

புதுச்சேரியில் பெயரை ஒளித்தவர்கள் என்றால் அது வேறு கூட்டம், பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி வந்த சுதேசிகள். வ.வே.சு. ஐயரின் பெட்டிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீக்கியர் வேடத்தில் வந்தபோது, பெட்டியில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துகளைக் காட்டிக் கேட்டவர்களிடம் தன் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லித் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வரகனேரி என்ற ஊரும் வேங்கடேச என்ற தந்தை பெயரும் அடங்கிய அந்த எழுத்துகளுக்குள் ஒரு சீக்கியரே புகுந்து உட்கார முடிந்தது. இனிஷியலுக்கு இருக்கிற இந்த வசதி குடும்பப் பெயருக்கு வராது.

உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் பெரிய திருப்பம் வந்திருக்கக்கூடிய இடம் 1914 அல்ல, இந்தோசீனா. சைகோனில் ரெனோன்சான்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எழுத்தர்களாக, காவலர்களாக, வரி அலுவலர்களாக இருந்தார்கள். அங்கே பல பதவிகள் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால் குடும்பப் பெயர் நேராகச் சம்பளமாக மாறியது. 1946 முதல் 1954 வரை நடந்த போரில் புதுச்சேரிச் சொல்தாக்கள் பலர் அங்கே இருந்தார்கள். வியட்நாமியப் பெண்களை மணந்தவர்கள் உண்டு. மணக்காமல் பிள்ளை பெற்று, பிறகு பதிவு அதிகாரி முன் 'என் பிள்ளை' என்று ஒப்புக்கொண்டு பெயரைக் கொடுத்தவர்களும் உண்டு. ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்திருப்பார்கள்; அந்தப் பிள்ளைகளின் கதை நம் பதிவுகளில் கிடைக்காது.

அடுத்தது 1962. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. அது சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்று இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகத் தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் இங்கே பிறந்து அன்றைக்குப் பிரான்சிலோ வேறு அயல்நாட்டிலோ குடியிருந்தவர்கள் எதுவும் கேட்காமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். சைகோனில் பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், பட்டாளத்தோடு வெளியே இருந்தவர் பிரெஞ்சுக்காரர்; நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தவர், அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கேட்காமல் விட்டிருந்தால், இந்தியர். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. பெயரை வைத்துக் குடியுரிமையைச் சொல்ல முடியாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஆகவே தரகர்கள் 'உங்கள் பெயர் பிரெஞ்சுப் பதிவில் இருக்கிறது' என்று சொன்னால் மயங்காதீர்கள். அன்றைய பிரெஞ்சு எல்லைக்குள் பிறப்பு பதியப்பட்ட எல்லோர் பெயரும் பிரெஞ்சுப் பதிவில்தான் இருக்கும்.

சொந்தம் தேடுவதுதான் நோக்கம் என்றால், பட்டாளத்திலிருந்து அல்ல, எத்தா சிவில் என்னும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவுக்குப் பாகூர் கொம்யூனில், அதாவது உள்ளாட்சி அலுவலகத்தில், மனுச் செய்யுங்கள். தேதியும் வயதும் எண்ணில் இல்லாமல் சொல்லால் எழுதியிருக்கும், திகைக்க வேண்டாம். அதில் தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில், குடியிருந்த தெரு வரை இருக்கும். பிறகு ராமசாமி வீட்டாரிடம் அவருடைய பிறப்புப் பதிவின் நகலைக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து முதலில் தாய் பெயரைப் பாருங்கள். கந்தசாமிகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதே கந்தசாமிக்கு அதே பெயரில் மனைவி, அதே தெரு என்றால் சந்தேகம் தீர்ந்தது.

நகல் வாங்கும்போது 'சுருக்கம்' வேண்டாம், ஓரக் குறிப்புகளோடு கூடிய முழு நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வழக்கச் சட்டத்தை விட்ட செய்தி, திருமணம், பெயர்த் திருத்தத் தீர்ப்பு எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். விட்டுக்கொடுத்த அறிவிப்புகள் அந்நாளைய அரசிதழிலும் வெளிவந்தன. 2014 மழையில் இடிந்து, பிறகு பழைய சாயலிலேயே கட்டப்பட்ட கடற்கரை மேரிக் (நகராட்சி) கட்டடத்தைப் பார்த்து, பதிவுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று யாராவது சொன்னாலும் தளர வேண்டாம். பிரெஞ்சுப் பதிவுகளுக்கு இரட்டைப் பிரதி எடுப்பது வழக்கம். பழையவை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக்காப்பகத்துக்கும், பிந்தியவை நாந்த் நகரத்து மையப் பதிவகத்துக்கும் போயிருக்கின்றன.

ராமசாமி போரில் இறந்தவர் என்றால், பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸ் ஒம்' தளத்தில் முதல் உலகப் போரில் உயிர் நீத்தவர்களின் அட்டைகள் இருக்கின்றன. அங்கே ஆள் பெயரையும் குடும்பப் பெயரையும் இடம் மாற்றிப் போட்டும் தேடுங்கள். ஒற்றைச் சகரம், இரட்டைச் சகரம் இரண்டையும் முயலுங்கள். அவர் உயிரோடு திரும்பியவர் என்றால் அங்கே கிடைக்க மாட்டார்; அந்த வீட்டுப் பெட்டியில் படைக் கையேடோ பென்ஷன் சீட்டோ இருக்கிறதா என்று கேட்பதுதான் வழி. அதில் உள்ள பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் வரும் குழப்பம் எண்ணில் வராது.

பாகூர்க்காரர் என்றாலும் கடலூர் வழியாகப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்திருக்கவும் கூடும். வீட்டில் 'வெள்ளைக்காரன் பட்டாளம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் இதையும் பார்த்துவிட வேண்டும். அப்படி இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில், இன்னாரின் மகன், இன்ன ஊர், தென்னார்க்காடு என்ற குறிப்போடு கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்காமல் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். பெயர் தனியாக ஒரு புத்தகத்தில். பல இடங்களில் அதுவும் இல்லை என்பதை அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பாகூரில் மனுவைக் கொடுக்கும்போது தாத்தாவின் பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகளைத் தேடும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள். அவருடைய பெயரைத் தமிழிலும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலும் கொடுங்கள். ராமசாமி வீட்டாரிடம் பேசப் போகும்போது குடியுரிமைப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். இப்படித் தேடி வந்த 'சொந்தக்காரர்கள்' அவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பார்கள்.